பதுளை மழை ஒழுகிய வீடு

சன்னாசி அடைக்காமல் விட்டுவிட்டு வந்த ஓட்டை, கடலைத் தாண்டி அவர் பின்னாலேயே வந்து சேர்ந்தது ஐப்பசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. அப்போது அவருடைய சின்ன மகள் தவமணிக்கு ஏழு வயது. அடுப்பு மூலையில் விறகுக் கட்டின் மேல் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தவளின் உச்சந்தலையில் ஒரு சொட்டு விழுந்தது, பிறகு இன்னொன்று விழுந்தது, பிறகு நின்று நிதானமாகச் சொட்டத் தொடங்கியது. அவள் அம்மா பெருமாயி அண்ணாந்துகூடப் பார்க்காமல், "ஏங்க, வெறகு நனையுது" என்றாள். வெளியே நீலகிரி மலை முழுக்கச் சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அவர்கள் பதுளைப் பக்கம் கல்லுமலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். மூன்று தலைமுறையாக அந்த மலையில் கொழுந்து பறித்த சனங்களை, இரண்டு நாட்டுப் பெரிய மனிதர்கள் மேசை போட்டு உட்கார்ந்து, உனக்கு இத்தனை பேர் எனக்கு இத்தனை பேர் என்று சாக்கு மூட்டையைப் போலப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். மூட்டையிடம் யாரும் கேட்கவில்லை. அப்படிப் பிரித்ததில் சன்னாசியும் பெருமாயியும் தவமணியும் இந்தியாவின் பங்கில் விழுந்தார்கள். மூத்தவள் அழகம்மா, கட்டிக்கொண்டவனுக்கு அங்கேயே பிரஜாவுரிமை கிடைத்துவிட்டதால், இலங்கையின் பங்கில் நின்றுவிட்டாள். அப்போது அவள் வயிற்றில் இரண்டு மாதம்.

அங்கே அவர்கள் இருந்தது லயத்தில். ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு அறைகள், அதில் ஓர் அறை ஒரு குடும்பத்துக்கு. அவர்கள் அறையின் தகரத்தில் சரியாக அடுப்பு மூலைக்கு மேலே ஓர் ஓட்டை இருந்தது. ஒவ்வொரு மழைக்கும் சன்னாசி அதை அண்ணாந்து பார்த்து, "நாளைக்கு அடைச்சிர்றேன்" என்பார். ஒவ்வொரு மழைக்கும் பெருமாயி ஒரு மண்சட்டியை எடுத்து அதன் கீழே வைப்பாள். கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, பிள்ளைக்குக் கல்யாணம் ஆகி, நாடு விட்டுப் போகிற நாளும் வந்துவிட்டது. அந்த ‘நாளைக்கு’ மட்டும் வரவில்லை. அவர்கள் கிளம்பியதும் அழகம்மாவும் புருஷனும் அந்த அறைக்குக் குடி வருவதாக ஏற்பாடு.

பதுளை ஸ்டேஷனில் கோச்சி நின்றது. ரயிலைக் கோச்சி என்றுதான் அவர்கள் சொல்வார்கள். உள்ளே இருந்தவர்களும் வெளியே நின்றவர்களும் ஒப்பாரி வைத்ததில் கோச்சி ஊதியதுகூடக் கேட்கவில்லை. அழகம்மா சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வந்தாள். பெருமாயிக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது, கடைசியில் வாயில் வந்தது இதுதான்: "மழை வந்தா அடுப்பு மூலையில சட்டி வைக்க மறந்துராதடி!"

"நீ போம்மா, நான் வச்சுக்கிறேன்" என்று கத்தினாள் அழகம்மா. அம்மாவும் மகளும் முகம் பார்த்துப் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை, கால் மணி நேரம் சொட்டிய தண்ணீர் சட்டென்று நின்றபோது, ரொட்டி தட்டிக்கொண்டிருந்த பெருமாயியின் கை அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் கழித்து நாலைந்து சொட்டு விழுந்து மறுபடி நின்றது. அவள் எழுந்து போய் மூலையில் நனைந்திருந்த தரையைக் கையால் தடவினாள். விரலை மோந்து பார்த்தாள். அதில் தகரத்துத் துரு வாசமும் கல்லுமலைப் புகை வாசமும் இருந்தன. "சட்டி வச்சுட்டா" என்றாள். "நெறைஞ்சிருச்சு, கொட்டிட்டுத் திரும்ப வச்சிருக்கா. என் தங்கம், மறக்கல பாருங்க." சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

இப்படி ஒன்று நடந்தால் ஊர் என்ன செய்யும்? முதலில் சிரிக்கும். "சன்னாசியண்ணே, அரைகுறையா விட்ட வேல கப்பலேறி வந்துருச்சே" என்று டீக்கடையில் கேலி செய்தார்கள். தோட்டத்து ஆபீசிலிருந்து ஒருவர் வந்து, ஏணி போட்டு ஏறி, சிமெண்டு அட்டைக் கூரையில் விரல் நுழைய ஓட்டை இல்லை என்று கண்டு, "குடியிருக்கிறவர்கள் உள்ளே குளிக்கக் கூடாது" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். பள்ளிக்கூடத்தில், "ஏய் சிலோன், உங்க வீட்ல குடை புடிச்சுக்கிட்டா தூங்குவீங்க?" என்று தவமணியைக் கேட்டார்கள். அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு கேட்பதில் சுவாரசியம் இல்லாமல் போயிற்று.

சிரித்து முடித்த பிறகு சனங்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். அந்தக் குடியிருப்பில் இருந்த அத்தனை பேரும் அதே கோச்சியில், அதே கப்பலில், அதே மண்டபம் முகாம் வழியாக வந்தவர்கள்தானே. பக்கத்து வீட்டு மூக்காயி முழங்கால் வலிக்கு அந்தத் தண்ணீரைத் தடவிக்கொண்டாள். பிள்ளை பெற்ற வீட்டில் பச்சைக் குழந்தையைத் தூக்கிவந்து, நெற்றியில் ஒரு சொட்டு விழும்வரை மூலையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தர் அண்ணாந்து வாயைத் திறந்து குடித்துவிட்டு, "நம்ம லயத்துப் பீலிக் குழாய்ல கொட்டுற தண்ணியேதான்" என்று கண் கலங்கினார். மாத்தளையிலிருந்து வந்தவர்களுக்குப் பொறாமை. "என்ன இருந்தாலும் இது பதுளை மழைதானே, எங்க ஊரு மழை மாதிரி வருமா" என்று நொட்டை சொல்லிக்கொண்டே அவர்களும் வரிசையில் நின்றார்கள். மழை நாளில் வீட்டு வாசலில் செருப்பு குவிந்து கிடக்கும். தவமணி வீட்டுப்பாடம் எழுத இடமில்லாமல் கட்டிலுக்கு அடியில் படுத்து எழுதுவாள்.

ஆனால் பெருமாயிக்கு அது மருந்தும் இல்லை, தீர்த்தமும் இல்லை, மகள். பகலெல்லாம் சொட்டினால், "வேலைக்குப் போயிருக்கா, அந்தில வந்து வைப்பா" என்பாள். ஞாயிற்றுக்கிழமையில் சொட்டினால், "இவ்ளோ நேரம் என்னடி தூக்கம்?" என்று மூலையைப் பார்த்து அதட்டுவாள். புருஷன் பெண்டாட்டி சண்டை போட்ட நாளைக்கூடக் கண்டுபிடிப்பாள். அன்றைக்குச் சட்டியை வைக்கிற வேகத்தில் நாலு துளி அப்பால் தெறித்து விழும். வந்த அடுத்த சித்திரை மாதம் மூன்று நாள் விடாமல் சொட்டியது, யாரும் சட்டி வைக்கவில்லை. பெருமாயி மூன்று நாளும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடந்தாள். நாலாம் நாள் நின்றது. பிறகு வந்த கடிதத்தில், ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்ததாகவும் அதற்கு அம்மா பெயரையே வைத்திருப்பதாகவும் அழகம்மா எழுதியிருந்தாள். "எனக்கு அப்பயே தெரியும்" என்றாள் பெருமாயி. எந்தக் காரணம் கொண்டும் இந்த மூலையில் அவள் ஒரு பாத்திரம் வைக்கவில்லை, யாரையும் வைக்க விடவும் இல்லை. இங்கே வைத்தால் அங்கே மகள் வைத்தது எப்படித் தெரியும்? விறகை வேறு பக்கம் மாற்றிக்கொண்டார்கள். தரையில் அந்த இடம் மட்டும் குழிந்து, ஒரு கிண்ணம் அளவுக்குப் பள்ளம் விழுந்துவிட்டது.

இப்படியே ஏழு வருஷம். தவமணி பெரியவளாகிச் சடங்கு சுற்றிய நாளில் அங்கே மழை பெய்தது. பந்தலுக்கு வெளியே நிற்க வைத்துத் தண்ணீர் ஊற்றவேண்டிய பெண்ணை, அக்காள் கையால் ஊற்றினது போல இருக்கட்டும் என்று அந்த மூலையில் உட்காரவைத்தார்கள். அத்தை முறை செய்ய வந்தவள் கோபித்துக்கொண்டு போனாள். அக்காளின் முகம் தவமணிக்கு மறந்தே போயிருந்தது. சன்னல் கம்பியைப் பிடித்த கையும் அதில் கிடந்த சிவப்பு வளையலும்தான் ஞாபகத்தில் இருந்தன. ஆனால் அக்காள் எப்போது எழுவாள், எப்போது களைத்து வருவாள், எந்த நாளில் உடம்புக்கு முடியாமல் மெதுவாக நடப்பாள் என்பதெல்லாம் கூடப் பிறந்து கூட வளர்ந்தவளுக்குத் தெரிகிற மாதிரியே தெரியும்.

எண்பத்துமூன்றாம் வருஷத்து ஆடி மாதம் வந்தது. ஆடியில் நீலகிரியில் பேய்மழை. பதுளைப் பக்கமோ கச்சான் காற்று வீசி மலையெல்லாம் காய்ந்து கிடக்கிற காலம். அதனால் வெளியே எல்லாம் ஊறிக்கிடக்க, அந்த ஒரு மூலை மட்டும் வாரக்கணக்காகக் காய்ந்து வெடித்துக் கிடந்தது. ஒரு நாள் காலையில் பெருமாயி அடுப்புப் பற்றவைக்கப் போனபோது, அந்தப் பள்ளத்தில் சாம்பல் விழுந்துகொண்டிருந்தது. மெல்ல, சத்தமே இல்லாமல், வெதுவெதுப்பாக விழுந்தது.

பெருமாயி போட்ட சத்தம் கேட்டு ஓடிவந்த மூக்காயி, பார்த்த உடனே கைகொட்டிச் சிரித்தாள். "அடியே, மானாப் பில்லு கொளுத்துறானுங்கடி! ஆடி பொறந்தா மலையில நெருப்பு வைப்பானுங்களே, மறந்துட்டியா?" யாருக்கு மறக்கும்? காய்ந்த மலைச்சரிவுகளில் ஆளுயரம் வளர்ந்த மானாப்புல்லைக் கொளுத்திவிடுவதும், அந்தி நேரத்தில் தூரத்து மலையெல்லாம் நெருப்புக் கோடு ஊர்வதும், மறுநாள் லயத்து வாசலெல்லாம் கரி பறந்துவந்து விழுவதும் அவர்கள் ஒவ்வொருவரும் சின்ன வயதில் பார்த்தது. நடப்பது என்னவென்று அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. அதுதான் கொடுமை.

மழைத் தண்ணீரை யாரும் கொண்டுபோய் வைத்துக்கொள்ள முடிந்ததில்லை, போத்தலில் பிடித்தால் வாசல் தாண்டுவதற்குள் வற்றிவிடும். சாம்பல் வற்றவில்லை. எடுத்தால் கையில் நின்றது. பிறந்த மண்ணின் சாம்பல், கையில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோகிற மாதிரி! வெற்றிலைப் பெட்டி, பவுடர் டப்பா, மடித்த காகிதம் என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு குடியிருப்பே ஓடிவந்தது. அள்ளி நெற்றியில் பூசிக்கொண்டார்கள். குழந்தைகளுக்குப் பூசிவிட்டார்கள். கோயில் விபூதியைச் செய்வது போல வாயில் ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டார்கள். மூக்காயியின் பேரனுக்குக் காய்ச்சல். தண்ணீரில் கரைத்துப் புகட்டினாள். மாரியம்மன் கோயில் பூசாரி ஒரு தட்டு நிறைய வாங்கிப்போய் விபூதிக் கிண்ணத்தில் கலந்தார். மாத்தளைக்காரர்கள்கூட அன்றைக்கு நொட்டை சொல்லவில்லை. பெருமாயி தவமணியின் முகத்தை நிமிர்த்தி, நெற்றி நிறைய மூன்று விரலால் இழுத்துவிட்டு, "நாக்க நீட்டு" என்றாள்.

மறுநாளும் விழுந்தது. வாரிக்கொண்டிருந்த பெருமாயி ஓர் இடத்தில் நிறுத்தி, விரல் நுனியில் எதையோ எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"தவம், இது என்னான்னு பாரு."

தவமணி பார்த்தாள். "அரிசிம்மா. கருகிப்போன அரிசி."

"மலையில மானாப் பில்லுக்குள்ள யாருடி அரிசிய வச்சிருந்தா?" என்றாள் பெருமாயி. அவள் கேட்ட குரல் தவமணிக்குப் பிடிக்கவில்லை. அம்மா அந்த ஒரு அரிசியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அன்று சாயங்காலம் டீக்கடை ரேடியோவில் செய்தி வந்தது. கொழும்பில் ஆரம்பித்து, கண்டி, மாத்தளை என்று படித்துக்கொண்டே வந்து, அந்தப் பெண்குரல் பதுளை என்றது. தமிழர்களின் கடைகள், வீடுகள், தோட்டத்து லயங்கள் எரிக்கப்பட்டன என்றது. உயிர்ச்சேதம் பற்றிய முழு விவரம் தெரியவில்லை என்றது. ரேடியோவைச் சுற்றி நின்ற அத்தனை பேர் நெற்றியிலும் சாம்பல் இருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர் கையும் நெற்றிக்குப் போகவில்லை. துடைத்தால் யாரைத் துடைக்கிறோம்? துடைக்காமல் விட்டால் யாரைப் பூசிக்கொண்டு நிற்கிறோம்? மூக்காயி மட்டும் வீட்டைப் பார்த்து ஓடினாள். பேரனின் வாயில் விரலை விட்டு வாந்தி எடுக்க வைத்தாள். எடுத்ததைப் பார்த்துவிட்டு, அதை மிதிக்கக்கூடாது என்று அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். பூசாரி விபூதிக் கிண்ணத்தைத் துணியில் சுற்றி, கோயில் வேம்புக்குக் கீழே குழி தோண்டி வைத்து மூடினார். என்ன மந்திரம் சொல்வதென்று தெரியாமல் சும்மா நின்றுவிட்டு வந்தார்.

அதன் பிறகு யாரும் அந்த வீட்டுக்கு வரவில்லை. தண்ணீர் எடுக்கப் போகிறவர்கள்கூடச் சுற்றிக்கொண்டு மேட்டு வழியாகப் போனார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஆனால் அதுவரை சிலோன்காரன் என்று ஒதுக்கிய ஊர்க்காரர்கள் கடையடைத்தார்கள், அரிசி கொண்டுவந்து கொடுத்தார்கள். மைக் கட்டி ரத்தம், உறவு என்றெல்லாம் பேசினார்கள். பேசியவர்களில் ஒருவர் கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்து, அந்த மூலையைப் பார்த்தபடி கைகூப்பி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அன்றைக்கு அங்கே எதுவும் விழவில்லை. அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

கடிதம் வரவில்லை. சன்னாசி போட்ட கடிதங்களுக்குப் பதிலும் வரவில்லை. பெருமாயி சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தாள். முதலில் ஒரு வேளை, பிறகு தேத்தண்ணி, பிறகு அதுவும் பாதி. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பேசியது ஒரே பேச்சுத்தான்: "ஐப்பசி மழை வரட்டும். அவ சட்டி வைக்கட்டும். நான் சாப்புடுறேன்." பார்வை வேறு மங்கிவிட்டது. அதனால் ஒரு பால்மாவு டின்னை எடுத்து, மூலையில் அந்தப் பள்ளத்தின் மேல் கவிழ்த்து வைக்கச் சொன்னாள். சொட்டினால் டின்னில் சத்தம் கேட்கும், அவள் சட்டி வைத்தால் சத்தம் நிற்கும். படுத்தபடியே தெரிந்துகொள்ளலாம்.

சன்னாசி தினமும் பெண்டாட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். "அடைச்சிருக்கலாம்" என்பார். ஒரு துண்டுத் தகரம், கொஞ்சம் தார், அரை மணி நேர வேலை. அடைத்திருந்தால் இத்தனை வருஷமாக மகள் உயிரோடு இருந்தாள் என்பதே தெரிந்திருக்காது, செத்தாளா என்று கேட்டுக்கொண்டு கிடக்கவும் வேண்டியதில்லை. எது நல்லது என்று அவருக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை.

ஐப்பசி பிறந்து நாலைந்து நாளில், பட்டப்பகலில் வீட்டுக்குள் இருட்டிக்கொண்டு வந்தது. பெருமாயி தலையைத் தூக்கினாள். முதல் சொட்டு டின்னில் விழுந்தது. டொங். அவள் முகம் வெளிச்சமானதைத் தவமணி பார்த்தாள். பிறகு இன்னொரு சொட்டு, கட்டில்மேல் விழுந்தது. அடுத்தது சாமி படத்தின் மேல். அடுத்தது கதவருகில். பிறகு வீடு முழுவதும், சுவரிலிருந்து சுவர்வரை, ஓர் அங்குலம் பாக்கி இல்லாமல் மழை கொட்டத் தொடங்கியது.

தவமணி நடுவீட்டில் நனைந்துகொண்டு நின்றாள். ஏன் என்று அவளுக்குச் சொல்ல யாரும் தேவைப்படவில்லை. அங்கே கூரை இல்லை.

சத்தம் கேட்டு அண்டை அயலார், இத்தனை மாதம் சுற்றிப் போனவர்கள், வந்துவிட்டார்கள். குடமும் வாளியும் அண்டாவுமாக வாசலில் நின்றார்கள். மூக்காயி ஒரு குடத்தோடு உள்ளே கால் வைத்தாள்.

"ஒருத்தரும் எதையும் வைக்காதீங்க!" என்று பெருமாயி கத்தினாள். அவளுக்கு அவ்வளவு குரல் மிச்சம் இருந்ததே யாருக்கும் தெரியாது. "அவ வைப்பா."

குடங்கள் வாசலிலேயே நின்றன. சன்னாசி குடையை விரித்து அவள் தலைக்கு மேல் பிடித்தார். தரையில் கணுக்கால் அளவு தண்ணீர் ஏறியது. அதில் மூன்று மாதத்துக்கு முந்தைய கரி, பள்ளத்திலிருந்து கிளம்பி, வாசலை நோக்கி மிதந்து போனது. இத்தனை இரைச்சலிலும் டின்னின் சத்தம் தனியாகக் கேட்டது. டொங், டொங், டொங். பெருமாயி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைக் கேட்டாள். மதியம் போயிற்று. அந்தி வந்தது. வேலை விட்டு வருகிற நேரம் வந்தது, தாண்டியும் போனது. டின்னின் சத்தம் நிற்கவில்லை. பெருமாயியின் மூச்சு மெலிந்துகொண்டே போனது.

தவமணி தண்ணீரில் சத்தம் வராமல் அடியெடுத்து வைத்து மூலைக்குப் போனாள். டின்னுக்கு முன்னால் மண்டியிட்டாள். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் குழித்து, டின்னுக்கு மேலே பிடித்தாள்.

சத்தம் நின்றது.

பெருமாயி அசையவில்லை. பிறகு மெதுவாக, "வச்சுட்டாளா?" என்றாள்.

சன்னாசி குடையோடு திரும்பி மூலையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார், மகளின் கையைப் பார்த்தார். "வச்சுட்டா" என்றார். வாசலில் நின்ற மூக்காயியும், "ஆமாடி, வச்சுட்டா" என்றாள். மாத்தளைக்காரர்களும் சொன்னார்கள். பிறகு யாரோ ஓடிப்போய் தங்கள் வீட்டுக் கஞ்சியைக் கொண்டுவந்தார்கள்.

சன்னாசி ஒரு கையால் குடையைப் பிடித்து மறு கையால் புகட்டினார். பெருமாயி குடித்தாள். தவமணியின் கை நிறைந்தது. அதைப் பாவாடையில் ஓசைப்படாமல் கொட்டிவிட்டு அவள் மறுபடி நீட்டுவதற்குள் மூன்று சொட்டு டின்னில் விழுந்துவிட்டது. "கொட்டிட்டுத் திரும்ப வைக்கிறா" என்றாள் பெருமாயி, பழைய நாளில் சொல்வது போலவே. இன்னும் ரெண்டு வாய் குடித்தாள். மலைத் தண்ணீர் பனிக்கட்டியாகச் சில்லிட்டது. தவமணியின் விரல்கள் நீலம் பூத்து நடுங்க ஆரம்பித்தன.

கிண்ணம் காலியானதும் பெருமாயி முந்தானை முடிச்சைத் தடவிப் பிடித்துக்கொண்டாள். மூலைப் பக்கம் திரும்பவே இல்லை. சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்:

"போதும்டி. கை வெறைச்சுப் போகும். எடுத்துரு."

தவமணி எடுக்கவில்லை. பதுளையில் மழை பெய்துகொண்டே இருந்தது.